அம்பலம் ஏறிய சொல்

'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சொல்லில் உண்மை இல்லாமையால் அது ஏறாமற் போவதில்லை. அதனை ஏந்திச் சென்று அவை நடுவே வைப்பதற்கு ஆள் இல்லாமையாலேயே வாயிற்படியில் நின்றுவிடுகிறது. இப்பழமொழி மன்னராட்சிக் காலத்திற்கே உரியது என்று எண்ணுவோரும் உளர். மக்களாட்சி மலர்ந்து, ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் முறை நிலைபெற்ற நாடுகளில் ஏழையின் சொல்லும் செல்வரின் சொல்லும் ஒரே பெட்டியில் விழுந்து, ஒன்றாகவே எண்ணப்படுகின்றன அல்லவா? ஆனால், அந்த எண்ணிக்கையிலேயே ஐயம் எழுமானால்? வாக்களிக்க வந்தவர் மணிக்கணக்கில் வரிசையில் நின்று, சோர்ந்து, வாக்களிக்காமலே வீடு திரும்பியிருந்தால்? அவருடைய முறையீட்டை யார் கேட்பது? எந்த அம்பலத்தில் கேட்பது?

இக்கேள்விக்கு நாடுகள் பலவும் பலவாறு விடை கண்டுள்ளன. நம் மலேசியாவில் ஒரு தொகுதியின் முடிவை மறுப்போர் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்தல் வேண்டும். வேறு எவ்வழியாலும் அதனை எதிர்த்தல் இயலாது என்று கூட்டரசு அரசியலமைப்பின் 118-ஆம் விதி வரையறுத்துள்ளது. சிங்கப்பூரிலும் தேர்தல் மனுவை விசாரிப்பவர் நீதிபதியே. இவ்விரு நாடுகளும் இம்முறையைப் பிரிட்டனிடமிருந்து பெற்றன. தன் உறுப்பினரின் தேர்தல் வழக்குகளைத் தானே விசாரித்துவந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம், கட்சிப் பற்று நீதியை வளைத்துவிடுவதைக் கண்டு, 1868-ஆம் ஆண்டில் அப்பொறுப்பை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது.

அமெரிக்காவிலும் தேர்தல் வழக்குகள் நீதிமன்றங்களுக்குச் செல்வதுண்டு. ஆயினும் அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை இறுதிக் கட்டம் இன்றும் சட்டமன்றத்தின் நடுவிலேதான் நிகழ்கிறது. அங்கே எழுப்பப்படும் ஆட்சேபத்திற்கு நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு. தோற்றவரை வெற்றி பெற்றவராக்கிய வரலாறு என்று அதனைக் கூறுவதற்கில்லை. வாயிற்படியில் நின்ற சொல்லை அம்பலம் ஏற்றுவதற்காக மக்கள் தம் பிரதிநிதிகளின் கதவைத் தட்டிய வரலாறு அது. ஒரே ஒரு கையெழுத்து இல்லாமையால் கதவு திறவாமற் போனதும், பின்னர் ஒரே ஒரு கையெழுத்தால் திறந்ததும், அதே கதவின் வழியே பொய்யும் நுழைய முற்பட்டதும் அவ்வரலாற்றில் அடங்கும். அதனை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

சாசனம் சொல்லாமல் விட்டது

அமெரிக்க அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்குரிய எண்ணிக்கையில் தேர்வாளர்களை அமர்த்துகிறது. அத்தேர்வாளர் அளிக்கும் வாக்கே அதிபரை நிர்ணயிக்கிறது. இன்று அவர்களின் மொத்த எண்ணிக்கை 538. பெரும்பான்மைக்கு 270 வேண்டும். மாநிலங்களிலிருந்து முத்திரையிட்டு வரும் சான்றிதழ்களைக் காங்கிரசின் இரு அவைகளும் கூடியிருக்க, செனட் எனப்படும் மேலவையின் தலைவர் திறப்பார். பின்னர் வாக்குகள் எண்ணப்படும் என்று 1804-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட பன்னிரண்டாம் திருத்தம் கூறுகிறது. நாட்டின் துணை அதிபரே மேலவையின் தலைவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 'எண்ணப்படும்' என்று கூறிய சாசனம், எண்ணுவது யார் என்று கூறாமல் விட்டுவிட்டது. ஒரே மாநிலத்திலிருந்து இரண்டு சான்றிதழ்கள் வந்தால் எதனை ஏற்பது என்பதையும் அது கூறவில்லை.

1876-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் நடந்த தேர்தலில் இக்குறை பேரிடராக வெடித்தது. ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் டில்டன் ஏறத்தாழ 250,000 வாக்குகள் மிகுதியாகப் பெற்றிருந்தார். அவருக்கு 184 தேர்வாளர் வாக்குகள் ஐயமின்றிக் கிடைத்திருந்தன. வெற்றிக்கு வேண்டியது 185. குடியரசுக் கட்சியின் ரதர்போர்டு ஹேய்சுக்கு 165 வாக்குகள். எஞ்சிய 20 வாக்குகள் வழக்கிற்கு உள்ளாயின. புளோரிடா, லூயிசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று தென் மாநிலங்களிலிருந்தும் ஒன்றுக்கொன்று முரணான சான்றிதழ்கள் வந்து சேர்ந்தன. ஒரிகான் மாநிலத்தின் ஒரு வாக்கும் சிக்கலுக்கு உள்ளாகியது.

அத்தென் மாநிலங்களில் உண்மையில் நிகழ்ந்தது என்ன? அடிமைத்தளை நீங்கி வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கம் வரவிடாமல் ஆயுதமேந்திய கூட்டங்கள் அச்சுறுத்தின. அவ்வாண்டு ஜூலையில் தென் கரோலினாவின் ஹாம்பர்க் என்னும் ஊரில் கறுப்பின மக்கள் சிலர் படுகொலை செய்யப்பட்டனர். மறுபுறத்தில், குடியரசுக் கட்சியினர் வசமிருந்த வாக்கு ஆய்வுக் குழுக்கள் தமக்கு வேண்டாத வாக்குகளைத் தள்ளுபடி செய்தன. எனவே, எக்கட்சியின் கையும் தூயதாக இருந்தது என்று கூறுவதற்கில்லை.

வழி காணாத காங்கிரஸ், 1877-ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டமியற்றிப் பதினைவர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. பிரதிநிதிகள் சபையிலிருந்து ஐவர், மேலவையிலிருந்து ஐவர், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஐவர் அதில் இடம்பெற்றனர். எக்கட்சியையும் சாராதவர் என்று கருதப்பட்ட நீதிபதி டேவிட் டேவிஸ் நடுநின்று தீர்ப்பார் என்னும் நம்பிக்கை நிலவியது. அந்நேரத்தில் இல்லினாய் மாநிலம் அவரை மேலவைக்குத் தேர்ந்தெடுத்துவிடவே, அவர் ஆணையத்திலிருந்து விலகிக்கொண்டார். அவர் இடத்திற்கு ஜோசப் பிராட்லி வந்தார். வழக்கிலிருந்த வாக்குகள் அனைத்தும் எட்டுக்கு ஏழு என்ற கணக்கில் ஹேய்சுக்கே வழங்கப்பட்டன. மார்ச் 2-ஆம் நாள் விடியற்காலையில் 185-க்கு 184 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் அவர் அதிபராக அறிவிக்கப்பட்டார்.

அத்துடன் கதை முடிந்திருந்தால் அது கட்சிகளின் கதையாக மட்டும் நின்றிருக்கும். ஜனநாயகக் கட்சியினர் முடிவை ஏற்றுக்கொண்டதற்கு ஈடாகத் தென் மாநிலங்களில் கூட்டரசின் பிடி தளர்த்தப்பட்டது என்று வரலாற்றாசிரியர் பலர் எழுதியுள்ளனர். அவ்வுடன்பாட்டின் தன்மை குறித்து அவர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. பின்விளைவு குறித்து ஐயமில்லை. 1877 ஏப்ரலில் தென் கரோலினா, லூயிசியானா அரசு மாளிகைகளைக் காத்துநின்ற படையினர் விலக்கிக்கொள்ளப்பட்டனர். அடுத்துவந்த ஆண்டுகளில் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, வன்முறை ஆகியவற்றால் கறுப்பின மக்களின் வாக்குரிமை பறிக்கப்பட்டது. அதனை முழுமையாக மீட்பதற்கு 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மேலவையில் கறுப்பினத்தவரான பிளாஞ்ச் புரூஸ் 1881-இல் பதவிக்காலம் முடிந்து வெளியேறினார். அடுத்த கறுப்பின உறுப்பினர் அங்கு அடியெடுத்து வைத்தது 1967-இல். இந்த 86 ஆண்டு வெறுமையை வாசகர்கள் நினைவில் நிறுத்த வேண்டுகிறேன். பின்னர் வரும் நிகழ்ச்சிக்கு அது தேவைப்படும்.

இரண்டு கையெழுத்து

இத்தகைய இடர் மீண்டும் நேராதிருக்கப் பத்தாண்டுகள் வாதிட்ட காங்கிரஸ், 1887-ஆம் ஆண்டில் தேர்வாளர் வாக்கு எண்ணிக்கைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாநிலத்தின் வாக்கை ஆட்சேபிக்க விரும்புவோர் அதனை எழுத்தில் தருதல் வேண்டும். அதில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவரும் மேலவை உறுப்பினர் ஒருவரும் கையெழுத்திட்டிருத்தல் வேண்டும். இவ்விரு கையெழுத்தும் இருந்தால், இரு அவைகளும் தனித்தனியே கூடும், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்ற அளவில் இரண்டு மணி நேரம் வரை விவாதிக்கும், பின்னர் வாக்கெடுக்கும். இரு அவைகளும் ஒருமித்து மறுத்தால் மட்டுமே அவ்வாக்கு தள்ளப்படும்.

சட்டம் வகுத்தோர் முடிவைப் புரட்டுவதை மிகக் கடினமாக்கினர்; முறையீட்டை அவையில் ஒலிக்கச் செய்வதை ஓரளவு எளிதாக்கினர். எனினும் எளிதாகத் தோன்றிய இவ்வழியை எண்பது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் பயன்படுத்தவில்லை. முதன்முதலாக 1969 ஜனவரி 6-ஆம் நாள் அது பயன்பட்டது. வட கரோலினாவின் தேர்வாளர் ஒருவர், தம் மாநிலத்தில் வென்ற ரிச்சர்டு நிக்சனுக்கு வாக்களிக்காமல் ஜார்ஜ் வாலசுக்கு வாக்களித்திருந்தார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் ஓஹாராவும் மேலவை உறுப்பினர் எட்மண்டு மஸ்கியும் அதனை ஆட்சேபித்தனர். மேலவையில் 58-க்கு 33, பிரதிநிதிகள் சபையில் 228-க்கு 170 என்ற கணக்கில் ஆட்சேபம் தோற்றது. நிக்சனின் வெற்றிக்கு அந்த ஒரு வாக்கு எவ்வகையிலும் தேவைப்படவில்லை. ஆயினும் ஒரு நெறியை முன்னிறுத்தி இருவர் கேள்வி எழுப்பினர். அவையும் செவிமடுத்து விடை கூறியது.

திறவாத கதவு

2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் அல் கோர் நாடு முழுவதும் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்ட வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். ஆனால் முடிவு புளோரிடாவின் 25 தேர்வாளர் வாக்குகளில் தங்கியிருந்தது. அங்கே ஜார்ஜ் புஷ் 537 வாக்குகளில் முந்தியிருந்தார். மறு எண்ணிக்கை டிசம்பர் 12-ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் முடிவுக்கு வந்தது; மறுநாள் கோர் தோல்வியை ஏற்றுக்கொண்டார்.

வேட்பாளர் ஏற்றுக்கொண்டார், வாக்காளர் பலரால் ஏற்க இயலவில்லை. குற்றவாளிகள் என்று தவறாகக் குறிக்கப்பட்டு வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோர் இருந்தனர். துளையிடும் சீட்டுகள் சரிவரத் துளைபடாமையால் ஆயிரக்கணக்கான வாக்குகள் கழிக்கப்பட்டன. கறுப்பின வாக்காளரின் சீட்டுகள் பிறருடையவற்றைக் காட்டிலும் ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுதியாகத் தள்ளுபடியாயின என்று அமெரிக்கக் குடியுரிமை ஆணையம் 2001 ஜூனில் அறிக்கை வெளியிட்டது.

அவ்வறிக்கை வருவதற்கு முன்பே, 2001 ஜனவரி 6-ஆம் நாள் இரு அவைகளும் கூடின. தலைமை இருக்கையில் அமர்ந்திருந்தவர் துணை அதிபர் கோர். தம் தோல்வியைத் தாமே எண்ணி அறிவிக்க வேண்டிய நிலை அவருக்கு. புளோரிடாவின் சான்றிதழ் திறக்கப்பட்டதும், பெரும்பாலும் கறுப்பினத்தவரான பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்தனர். ஒவ்வொருவரிடமும் கோர் ஒரே வினாவையே எழுப்பினார்: ஆட்சேபம் எழுத்தில் உள்ளதா? மேலவை உறுப்பினர் ஒருவர் கையெழுத்திட்டுள்ளாரா? எழுத்தில் இருந்தது, கையெழுத்து இல்லை. மேலவை உறுப்பினரின் கையெழுத்து இல்லாதது பற்றித் தாம் கவலைப்படவில்லை என்றார் கலிபோர்னியாவைச் சேர்ந்த மேக்சின் வாட்டர்ஸ் அம்மையார். விதிகள் கவலைப்படுகின்றனவே என்று விடையிறுத்தார் கோர். சிலர் நகைத்தனர். உறுப்பினர்கள் அமர்ந்தனர். எண்ணிக்கை தொடர்ந்தது.

அன்று மேலவையின் நூறு உறுப்பினருள் கறுப்பினத்தவர் ஒருவரும் இல்லை. நான் முன்னர் நினைவில் நிறுத்தச் சொன்ன வெறுமையின் எஞ்சிய நிழல் அது. வாக்கிழந்தோரின் சொல்லை ஏந்தி நிற்க ஒரு கை போதும், அக்கையும் நீளவில்லை. நாட்டில் அமைதி நிலவவேண்டும், வழக்கு முடிந்துவிட்டது, ஆட்சேபத்தால் முடிவு மாறப்போவதில்லை என்பன போன்ற காரணங்கள் கூறப்பட்டன. காரணங்கள் பொருந்தாதவை அல்ல. ஆயினும் கேட்கப்படாத சொல் கேட்கப்படாமலே போயிற்று.

திறந்த கதவு

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2004 நவம்பர் 2-ஆம் நாள் நடந்த தேர்தலில் ஒகையோ மாநிலத்தின் 20 தேர்வாளர் வாக்குகளே அதிபரைத் தீர்மானித்தன. அங்கே புஷ் ஏறத்தாழ 118,000 வாக்குகள் மிகுதியாகப் பெற்றார். மறுநாளே ஜான் கெர்ரி தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆனால் கொலம்பஸ் நகரத்து வாக்காளர் கண்ட காட்சி வேறு. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் பகுதிகளில் வாக்குப் பொறிகள் போதாமையால் மக்கள் மணிக்கணக்கில் காத்துநின்றனர். கேம்பியர் என்னும் சிற்றூரில் இரண்டே பொறிகள் வைக்கப்பட்டிருந்தன. அவ்வூர்க் கல்லூரி மாணவர்கள் நள்ளிரவு கடந்தும் வரிசையில் நின்றனர். கறுப்பின வாக்காளர் சராசரியாக 52 நிமிடமும் வெள்ளையர் 18 நிமிடமும் காத்திருந்தனர் என்று ஜனநாயகக் கட்சி 2005 ஜூனில் வெளியிட்ட ஆய்வு கூறியது. அத்தேர்தலை நடத்திய மாநிலச் செயலாளர் கென்னத் பிளாக்வெல், அதே வேளையில் புஷ் அவர்களின் ஒகையோ பிரசாரக் குழுவின் மதிப்புறு இணைத்தலைவராகவும் இருந்தார். ஆட்டத்தின் நடுவரே ஓர் அணியின் சட்டையை அணிந்திருந்தால் ஐயம் எழாதிருக்குமோ?

ஐயம் எழுவது எளிது. அதனை அவைக்கு ஏற்ற ஆவணமாக்குவது அரிது. அவ்வரிய பணியை மேற்கொண்டவர் மிச்சிகனைச் சேர்ந்த ஜான் கான்யர்ஸ். சிறுபான்மைக் கட்சியினர் என்பதால் முறையான விசாரணைக் குழுவைக் கூட்டும் அதிகாரம் அவருக்கு இல்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. டிசம்பர் 8-இல் வாஷிங்டனிலும் 13-இல் கொலம்பசிலும் பொதுக் கூட்டங்களைக் கூட்டி, வாக்காளரையும் வழக்கறிஞரையும் அதிகாரிகளையும் அழைத்துச் சாட்சியம் கேட்டார். அவற்றைத் தொகுத்து 102 பக்க அறிக்கையாக 2005 ஜனவரி 5-ஆம் நாள் வெளியிட்டார். மேலவை உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி, ஆட்சேபத்தில் இணையுமாறு வேண்டினார். பொதுமக்களும் கடிதங்களாலும் தொலைபேசி அழைப்புகளாலும் தம் மாநிலத்து உறுப்பினர்களை வற்புறுத்தினர். கையெழுத்தின்றிக் கறுப்பின உறுப்பினர்கள் அமர்ந்த 2001-ஆம் ஆண்டுக் காட்சி அவர்களின் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 2004-இல் வெளிவந்த 'பாரன்ஹீட் 9/11' என்னும் ஆவணத் திரைப்படம் அக்காட்சியை நாடெங்கும் மீண்டும் காட்டியிருந்தது.

மக்கள் கேட்டது யாது என்பதை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கெர்ரியை அதிபராக்க வேண்டும் என்று விரும்பியோரும் அவர்களிடையே இருந்திருப்பர். ஆயினும் அவையின் முன் வைக்கப்பட்ட வேண்டுகோள் அடக்கமானது. இரண்டு மணி நேரம் எங்களுக்காகப் பேசுங்கள் என்பதே அதன் சாரம்.

கிளீவ்லாந்து நகரத்தின் பிரதிநிதியும் முன்னாள் நீதிபதியுமான ஸ்டெபனி டப்ஸ் ஜோன்ஸ் அம்மையார் முதற் கையெழுத்தை இட்டார். இரண்டாம் கையெழுத்தைக் கேட்டு அவர் கலிபோர்னியாவின் மேலவை உறுப்பினர் பார்பரா பாக்சருக்குக் கடிதம் எழுதினார். பாக்சர் அம்மையார் 2001-இல் அவையில் இருந்தவர். கையெழுத்திடாமல் அமைதி காத்தவர்களுள் ஒருவர். ஆட்சேபிக்க வேண்டாம் என்று கோர் கேட்டுக்கொண்டதால் அன்று தாம் ஒதுங்கியதாகவும், திரும்பிப் பார்க்கையில் இணைந்திருக்கலாமே என்று வருந்துவதாகவும் அவர் பின்னர் மேலவையிலேயே வெளிப்படையாகக் கூறினார். ஒரு சட்டமன்ற உறுப்பினர் தம் மௌனத்தைத் தாமே குற்றம் என ஒப்புக்கொள்வது அரிதினும் அரிது. மக்களின் வேண்டுகோளுக்கு அத்தகைய உள்ளம்தான் செவிசாய்க்கும் போலும்.

2005 ஜனவரி 6. தலைமை வகித்தவர் துணை அதிபர் டிக் செனி. ஒகையோவின் பெயர் வாசிக்கப்பட்டதும் டப்ஸ் ஜோன்ஸ் எழுந்தார். அதே பழைய வினா எழுந்தது. இம்முறை விடை மாறியது: எழுத்தில் உள்ளது, கையெழுத்தும் உள்ளது. இரு அவைகளும் பிரிந்து சென்றன. 1969-க்குப் பின் முதன்முறையாக அக்கதவு திறந்தது.

விவாதத்தில் பேசிய பலரும் தேர்தல் முடிவை மாற்றுவது தம் நோக்கம் இல்லை என்பதைத் தெளிவாக்கினர். இரண்டே நாட்களுக்கு முன் பதவியேற்றிருந்த பராக் ஒபாமா, புஷ் வெற்றி பெற்றார் என்பதில் தமக்கு ஐயமில்லை என்று கூறிவிட்டு, வாக்களிக்கும் முறையின் குறைகளைக் களைய வேண்டிய தேவையை எடுத்துரைத்தார். பின்னர் வாக்கெடுப்பு நடந்தது. மேலவையில் 74-க்கு ஒன்று. அந்த ஒன்று பாக்சருடையது. பிரதிநிதிகள் சபையில் 267-க்கு 31. ஆட்சேபம் தோற்றது. புஷ் அதிபராக நீடித்தார்.

அப்படியாயின் பயன் என்ன என்று கேட்கத் தோன்றும். கொலம்பஸ் நகரத்து வரிசைகள் காங்கிரசின் அதிகாரபூர்வமான பதிவேட்டில் இடம்பெற்றன. வாக்காளரின் காத்திருப்பு ஒரு நாட்டின் உயர்ந்த அவையில் இரண்டு மணி நேரம் பேசத்தக்க பொருள் என்பது நிலைநாட்டப்பட்டது. ஒகையோ வாக்காளர் எவரும் காரணம் எதுவும் கூறாமலே அஞ்சல்வழி வாக்களிக்கும் முறை 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆட்சேபத்தால் மட்டுமே இது விளைந்தது என்று கூறுதல் மிகையாகும். குறை உரக்கப் பேசப்பட்ட பின்னரே களையப்படும் என்று கூறுதல் மிகையாகாது.

கதவின் மறுபக்கம்

நல்லோருக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறக்கும். 2020-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜோ பைடன் 306 தேர்வாளர் வாக்குகளும் டோனல்டு டிரம்ப் 232 வாக்குகளும் பெற்றனர். தோல்வியை ஏற்க மறுத்த டிரம்ப் தரப்பினர் அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளைத் தொடுத்தனர். ஏறக்குறைய அனைத்திலும் தோற்றனர். முடிவை மாற்றத்தக்க மோசடிக்கு எந்த நீதிமன்றத்திலும் சான்று நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் தம் உறுப்பினர்களை ஆட்சேபிக்குமாறு வற்புறுத்தும் இயக்கம் ஓங்கியது. 2005-ஆம் ஆண்டின் முன்னுதாரணம் எடுத்துக்காட்டப்பட்டது. துணை அதிபர் மைக் பென்ஸ் தம் விருப்பப்படி வாக்குகளை ஒதுக்கித் தள்ளலாம் என்றும் அவர் நெருக்கப்பட்டார். அத்தகைய அதிகாரம் தமக்கு இல்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

2021 ஜனவரி 6-ஆம் நாள் அரிசோனாவின் வாக்குகளை ஆட்சேபித்து அவைகள் விவாதித்துக்கொண்டிருக்கும்போதே, வன்முறைக் கூட்டம் காங்கிரஸ் மாளிகைக்குள் புகுந்தது. ஏறத்தாழ 140 காவலர் காயமுற்றனர். உறுப்பினர்கள் உயிர் தப்ப ஓடினர். இரவில் மீண்டும் கூடிய அவைகள் அரிசோனா, பென்சில்வேனியா இரண்டின் மீதான ஆட்சேபங்களையும் தோற்கடித்தன. ஆயினும் குறைந்தது ஓர் ஆட்சேபத்திற்கேனும் ஆதரவளித்தோர் இரு அவைகளிலும் சேர்த்து 147 பேர்.

2005-க்கும் 2021-க்கும் வேறுபாடு யாது? இரண்டிலும் மக்கள் வற்புறுத்தினர்; இரண்டிலும் உறுப்பினர்கள் கையெழுத்திட்டனர்; சட்டமும் ஒன்றே. வேறுபாடு மூன்று இடங்களில் உள்ளது என்று நான் கருதுகிறேன். முதலாவது, சான்று. முன்னவர் கண்ணுற்ற சாட்சிகளை அழைத்துவந்தனர். பின்னவர் நீதிமன்றம் நிராகரித்ததையே மீண்டும் கொணர்ந்தனர். இரண்டாவது, நோக்கம். முன்னவர் முடிவை ஏற்றுக்கொண்டு முறையைத் திருத்தக் கோரினர். பின்னவர் பிறர் அளித்த வாக்குகளைக் கழித்து முடிவையே மாற்ற முனைந்தனர். மூன்றாவது, தோற்றவரின் நிலை. கெர்ரி தோல்வியை ஏற்றிருந்தார். ஆட்சேபத்தால் அவருக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. பின்னதிலோ, தோற்றவரே தூண்டுகோலாக நின்றார். வாக்களிக்க இயலாதவரின் சொல்லை அவையில் ஏற்றுவது வேறு. வாக்களித்தவரின் சொல்லை அவையிலிருந்து இறக்குவது வேறு.

இவ்வனுபவத்தின் விளைவாக 2022 டிசம்பரில் சீர்திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது. துணை அதிபரின் பணி சடங்களவிலானதே என்று அது வரையறுத்தது. ஆட்சேபத்திற்கு ஒரு கையெழுத்துப் போதாது. ஒவ்வோர் அவையிலும் ஐந்தில் ஒரு பங்கினர் கையெழுத்திட வேண்டும் என்றது. அதாவது மேலவையில் 20 பேர், பிரதிநிதிகள் சபையில் 87 பேர். அடுத்த எண்ணிக்கை 2025 ஜனவரி 6-ஆம் நாள் அமைதியாக நடந்தேறியது. தாய்வழியில் தமிழகத்துத் துளசேந்திரபுரத்தோடு உறவுடைய கமலா ஹாரிஸ் துணை அதிபர் என்ற முறையில் தலைமை வகித்து, தம்முடைய தோல்வியைத் தாமே அறிவித்தார். ஆட்சேபம் எதுவும் எழவில்லை.

சட்டம் இறுகியது நன்று. எனினும் ஒரு கவலை நெஞ்சை உறுத்தவே செய்கிறது. அன்று பாக்சர் அம்மையார் ஒருவரே நின்றார். மேலவையின் வாக்கெடுப்பில் அவருக்குத் துணையாக மற்றொருவர் இல்லை. இன்றைய விதி அன்று இருந்திருப்பின், கொலம்பஸ் மக்களின் சொல் வாயிற்படியிலேயே நின்றிருக்கும். பொய்யர் தட்டிய தட்டலால் கதவு கனத்துவிட்டது. அக்கனத்தைச் சுமக்க வேண்டியவர் இனி மெய்யாகவே குறையுடையவரும்தான். பொய் வழக்கின் கேடு அன்றோடு முடிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நம்மைப் போன்றோர் இவ்வரலாற்றிலிருந்து கற்க வேண்டியது யாது? நம் நாடுகளில் வழி வேறு, அவை வேறு, விதியும் வேறு. ஆனால் எந்நாட்டிலும் சிறுபான்மையினரின் முறையீடு அவை ஏறுவதற்கு இரண்டு பொருள்கள் தேவைப்படுகின்றன. ஒன்று, எவர் வந்து உரசிப் பார்த்தாலும் மாற்றுக் குறையாத சான்று. அதனைத் திரட்டுவது மக்களின் கடமை. கான்யர்ஸ் திரட்டிய 102 பக்கங்கள் அதற்கு எடுத்துக்காட்டு. மற்றொன்று, தோற்போம் என்று தெரிந்தும் எழுந்து நிற்கும் ஓர் உறுப்பினர். அவரை அவ்வாறு எழச் செய்வதும் மக்களின் கடமையே. ஒரு முறை மறுத்தவர் மறுமுறை இசையக்கூடும். 2001-இல் நீளாத கை 2005-இல் நீண்டது. ஆகவே கடிதம் எழுதுவோர் சோர்வடைதல் ஆகாது. கடிதம் பெறுவோர் அதனைப் படிக்காமல் ஒதுக்குதலும் ஆகாது.

ஒகையோவில் காத்துநின்றோருக்கு அன்று வெற்றி கிட்டவில்லை. அவர்கள் வாக்களிக்க முயன்ற வேட்பாளர் அதிபராகவில்லை. ஆயினும், அவர்கள் நின்ற வரிசையின் நீளம் நாட்டின் அவைக் குறிப்பில் எழுதப்பட்டது. அதனை எவராலும் அழிக்க இயலாது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழியைப் பொய்யாக்க அன்று தேவைப்பட்டது ஒரு தாள், ஒரு பேனா, அஞ்சாத ஒரு நெஞ்சு.